ஃபூரியர் உருமாற்றம்: ஹெர்ட்ஸிலிருந்து ரேடியனுக்கும் ரேடியனிலிருந்து ஹெர்ட்ஸுக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரத்தோடு மாறும் ஒரு சைகை (சிக்னல்) எந்தெந்த அதிர்வெண்களால் ஆனது என்று காட்டுவது ஃபூரியர் உருமாற்றம். ஒரே சைகையின் ஃபூரியர் உருமாற்றத்தை மூன்று பாடநூல்களில் தேடினால் மூன்று விடைகள் கிடைக்கும். ஒன்றில் 2பை (2 × 3.1416) இருக்காது. இன்னொன்றில் இருக்கும். மூன்றாவதில் 2பை-யின் வர்க்கமூலம் இருக்கும். மூன்றும் சரியானவையே. எது எந்த ஏற்பாட்டைச் சேர்ந்தது என்று தெரியாமல் ஒன்றிலிருந்து ஒரு வரியையும் மற்றொன்றிலிருந்து இன்னொரு வரியையும் எடுத்து ஒட்டும்போதுதான் விடை 6.28 மடங்கு தவறிப்போகிறது. பொறியியல், இயற்பியல் மாணவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

குறியீடுகள்: எஃப் என்பது சாதாரண அதிர்வெண், ஒமேகா என்பது கோண அதிர்வெண், ஐ என்பது −1-இன் வர்க்கமூலம். அடுக்கு(ப) என்று எழுதினால், இயற்கை மடக்கையின் அடிமானமான 2.718… என்ற எண்ணை ப என்ற அடுக்குக்கு உயர்த்தியதாகக் கொள்ளுங்கள்.

இரண்டு அதிர்வெண்களுக்கும் என்ன வேறுபாடு?

ஒரு வினாடியில் எத்தனை முழுச் சுற்று என்று எண்ணினால் சாதாரண அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஒரு வினாடியில் எத்தனை ரேடியன் கோணம் கடந்தது என்று அளந்தால் கோண அதிர்வெண். அதன் அலகு ரேடியன்/வினாடி. ஒரு முழுச் சுற்றில் 2பை ரேடியன் இருப்பதால்,

ஒமேகா = 2பை × எஃப்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கோண அளவில் அது 100பை, அதாவது ஏறத்தாழ 314.16 ரேடியன்/வினாடி. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் கோண அளவில் 376.99 ஆகும்.

மூன்று வடிவங்கள் என்கிறீர்களே, அவை எவை?

இந்தப் பக்கத்தில் வசதிக்காக அவற்றுக்குப் பெயர் வைத்துக்கொள்கிறேன்.

ஹெர்ட்ஸ் வடிவம், ஹெ(எஃப்): சைகையை அடுக்கு(−ஐ 2பை எஃப் × நேரம்) என்பதால் பெருக்கி, நேரம் முழுவதற்கும் தொகையிடுகிறோம். திரும்பி வருவதற்கு ஹெ(எஃப்)-ஐ அடுக்கு(+ஐ 2பை எஃப் × நேரம்) என்பதால் பெருக்கி, எஃப் முழுவதற்கும் தொகையிடுகிறோம். தொகையீட்டுக்கு முன்னால் எந்த எண்ணும் கிடையாது.

ரேடியன் வடிவம், ரே(ஒமேகா): போகும்போது அடுக்கு(−ஐ ஒமேகா × நேரம்), முன்னால் எண் இல்லை. திரும்பும்போது ஒமேகா முழுவதற்கும் தொகையிட்டு 2பை-ஆல் வகுக்க வேண்டும்.

சமபங்கு வடிவம், ச(ஒமேகா): இதுவும் கோண அதிர்வெண்ணில்தான். ஆனால் போகும்போதும் திரும்பும்போதும் √(2பை)-ஆல் வகுக்கிறோம். 2பை-யின் சுமையை இரண்டு திசையும் சரிபாதியாக ஏற்கின்றன.

மின்பொறியியல் நூல்களில் ரேடியன் வடிவமும், குவாண்டம் இயற்பியல் நூல்களில் சமபங்கு வடிவமும், தகவல் தொடர்பியல் நூல்களிலும் கணிதப் பகுப்பாய்வு நூல்கள் பலவற்றிலும் ஹெர்ட்ஸ் வடிவமும் அதிகம் தென்படும்.

இந்த 2பை எங்கிருந்துதான் வருகிறது?

சைகையை உருமாற்றி மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முழுப் பயணத்தை ஒரே வரியில் எழுதினால், கோண அதிர்வெண்ணில் அந்த வரியின் முன்னால் 1 ÷ 2பை கட்டாயம் வரும். வெப்பம் பரவும் முறையைப் பற்றி, இந்த உருமாற்றத்துக்குப் பெயர் தந்த ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலிலேயே, அவருடைய தொகையீட்டுத் தேற்றத்தின் தலையில் அது நிற்கிறது. அந்த ஒற்றை வரியைப் ‘போவது’, ‘திரும்புவது’ என்று இரண்டாகப் பிரித்தது பிறகு வந்த வசதி. பிரிக்கும்போது 1 ÷ 2பை-யை எந்தப் பாதியோடு சேர்ப்பது என்பதைக் கணிதம் நமக்குச் சொல்வதில்லை. திரும்பும் பாதியோடு சேர்த்தால் ரேடியன் வடிவம். பகிர்ந்துகொண்டால் சமபங்கு வடிவம். மாறியையே மாற்றி 2பை-யை அடுக்குக்குள் அனுப்பிவிட்டால் ஹெர்ட்ஸ் வடிவம்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் விதி என்ன?

ரே(ஒமேகா) = ஹெ(ஒமேகா ÷ 2பை)

ச(ஒமேகா) = ஹெ(ஒமேகா ÷ 2பை) ÷ √(2பை)

எதிர்த் திசையில்: ஹெ(எஃப்) = ரே(2பை எஃப்) = √(2பை) × ச(2பை எஃப்)

விதி இவ்வளவுதான். ஹெர்ட்ஸ் வடிவத்திலிருந்து ரேடியன் வடிவத்துக்குப் போகும்போது, எஃப் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒமேகா ÷ 2பை என்று எழுதினால் வேலை முடிந்தது. முன்னால் எதையும் பெருக்க வேண்டாம். எடுத்துக்காட்டாக, நேரம் 0-இல் தொடங்கி அடுக்கு(−க × நேரம்) என்று தேயும் சைகையின் (க ஒரு நேர் மாறிலி) ஹெர்ட்ஸ் வடிவம் 1 ÷ (க + ஐ 2பை எஃப்). அதன் ரேடியன் வடிவம் 1 ÷ (க + ஐ ஒமேகா). சமபங்கு வடிவம் வேண்டுமானால் இதை √(2பை)-ஆல் வகுத்துவிடுங்கள்.

மாறியை மாற்றினால் சார்பையும் 2பை-ஆல் வகுக்க வேண்டும் அல்லவா? நிகழ்தகவில் அப்படித்தானே செய்கிறோம்?

இந்தக் கேள்வியை நிதானமாகப் பார்க்க வேண்டும். குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன.

நிகழ்தகவு அடர்த்தியில் காக்கப்பட வேண்டியது பரப்பு. அதனால் அச்சு 2பை மடங்கு நீளும்போது உயரம் 2பை மடங்கு குறைந்தாக வேண்டும். ஹெர்ட்ஸ், ரேடியன் வடிவங்களுக்கு இடையே அப்படி எதுவும் நடப்பதில்லை. ஹெ(50) என்பது சைகையை 50 ஹெர்ட்ஸ் அலையோடு பெருக்கித் தொகையிட்ட எண். ரே(100பை) என்பதும் அதே அலையோடு பெருக்கித் தொகையிட்ட அதே எண். அலை ஒன்று, தொகையீடு ஒன்று, விடையும் ஒன்று. அச்சில் ஒட்டிய சீட்டு மட்டும் வேறு. ஒரு மனையின் விலையைச் சென்ட்டுக்கு இவ்வளவு என்று சொன்னால், சதுர அடி விலைக்கு மாற்ற 435.6-ஆல் வகுக்கிறோம், ஆனால் அந்த மனையின் மூலையில் மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பது, சென்ட்டில் அளந்தாலும் சதுர அடியில் அளந்தாலும் மாறாது. அடர்த்தி விலையைப் போன்றது. நம் உருமாற்றத்தின் மதிப்பு ஈரத்தைப் போன்றது.

அப்படியானால் அச்சு நீண்டதற்கு யார் ஈடு செய்வது? திரும்பி வரும் தொகையீடு செய்கிறது. எஃப்-இன் நுண்ணிய துண்டு, ஒமேகாவின் நுண்ணிய துண்டை 2பை-ஆல் வகுத்ததற்குச் சமம். ரேடியன் வடிவத்தில் திரும்பும்போது வரும் 1 ÷ 2பை இதுதான். மனப்பாடம் செய்ய அதில் ஒன்றும் இல்லை.

டெல்டாவின் முன்னால் மட்டும் ஏன் 2பை வந்துவிடுகிறது?

ஏனென்றால் ஒரே புள்ளியில் மட்டும் முள்போல் நிற்கும் டிராக் டெல்டாவை அடையாளம் காட்டுவது அதன் உயரம் அல்ல, அதன் பரப்பு. பரப்பு 1 என்பதுதான் அதன் வரையறை. எனவே எஃப்-க்குப் பதில் ஒமேகா ÷ 2பை-யைப் பிரதியிடும்போது,

டெல்டா(ஒமேகா ÷ 2பை) = 2பை × டெல்டா(ஒமேகா)

என்று ஆகிறது. மேலே சொன்ன விதியை இது மீறவில்லை. அதே பிரதியிடல்தான், பிரதியிட்ட பிறகு டெல்டாவை நேர்த்தியாக எழுதும்போது 2பை வெளியே வருகிறது. மாறிலி 1-இன் உருமாற்றம் ஹெர்ட்ஸ் வடிவத்தில் டெல்டா(எஃப்), ரேடியன் வடிவத்தில் 2பை டெல்டா(ஒமேகா), சமபங்கு வடிவத்தில் √(2பை) டெல்டா(ஒமேகா).

வீட்டு மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட் என்பது சராசரி வர்க்கத்தின் மூலம். உச்ச வீச்சு ஏறத்தாழ 325 வோல்ட். இதைக் கொசைன் அலையாக எழுதி உருமாற்றினால், ஹெர்ட்ஸ் வடிவத்தில் +50-இலும் −50-இலும் தலா 162.5 எடையுள்ள இரண்டு டெல்டாக்கள் கிடைக்கும். 325-இல் சரிபாதி; பார்த்த உடனே பொருள் விளங்குகிறது. ரேடியன் வடிவத்தில் +100பை-யிலும் −100பை-யிலும் தலா 325பை, அதாவது ஏறத்தாழ 1021. சமபங்கு வடிவத்தில் அதே எடை ஏறத்தாழ 407. இந்த 1021-ஐப் பார்த்து வோல்ட் என்று எண்ணிவிடக் கூடாது. திரும்பும் தொகையீட்டின் 1 ÷ 2பை அதைத் தொட்ட பிறகுதான் அது 162.5 வோல்ட் ஆகிறது.

நேரம் 0 வரை 0, அதன் பிறகு 1 என்று இருக்கும் படிச் சார்பிலும் இதே கதைதான். ஹெர்ட்ஸ் வடிவத்தில் ½ டெல்டா(எஃப்) + 1 ÷ (ஐ 2பை எஃப்). ரேடியன் வடிவத்தில் பை டெல்டா(ஒமேகா) + 1 ÷ (ஐ ஒமேகா). ½ எப்படிப் பை ஆனது என்று இனி நீங்களே சொல்லிவிடலாம்.

கையில் உள்ள நூல் எந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்னுரையைத் தேடிப் புரட்ட வேண்டாம். நூலின் அட்டவணையில் பரப்பு தெரிந்த ஒரு சைகையைப் பாருங்கள்; உயரம் 1, அகலம் 1 உள்ள செவ்வகத் துடிப்பு போதும். அதிர்வெண் 0-இல் அடுக்குச் சார்பு 1 ஆகிவிடுவதால், உருமாற்றத்தின் மதிப்பு சைகையின் பரப்பாகவே இருக்க வேண்டும். அங்கே 1 வந்தால் ஹெர்ட்ஸ் வடிவம் அல்லது ரேடியன் வடிவம். 0.3989 வந்தால் சமபங்கு வடிவம்; ஏனென்றால் 1 ÷ √(2பை) = 0.3989. முதல் இரண்டில் எது என்று பிரிக்க, மாறிலி 1-இன் வரிக்குப் போங்கள். டெல்டாவின் முன்னால் 2பை இருந்தால் ரேடியன் வடிவம், இல்லையென்றால் ஹெர்ட்ஸ் வடிவம்.

கணினி நிரலுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். அறிமுகமில்லாத ஒரு நிரலை நம்புவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

பண்புகளின் அட்டவணை எப்படி மாறுகிறது?

வகைக்கெழு: சைகையை ஒருமுறை வகையிட்டால், ஹெர்ட்ஸ் வடிவம் ஐ 2பை எஃப்-ஆல் பெருக்கப்படும், மற்ற இரண்டும் ஐ ஒமேகாவால் பெருக்கப்படும். வகைக்கெழுச் சமன்பாடுகளோடு வாழ்பவர்கள் கோண அதிர்வெண்ணை விட மறுப்பதற்கு இதுவே முதல் காரணம். லாப்லாஸ் உருமாற்றத்திலும் ஐ ஒமேகாவை அப்படியே வைத்துவிடலாம்.

கன்வல்யூஷன் (ஒரு சைகையைத் திருப்பி, மற்றொன்றின் மேல் நகர்த்தி, பெருக்கித் தொகையிடுவது): நேரத்தில் கன்வல்யூஷன் என்றால் அதிர்வெண்ணில் பெருக்கல். ஹெர்ட்ஸ், ரேடியன் வடிவங்களில் வெறும் பெருக்கல். சமபங்கு வடிவத்தில் √(2பை) கூடச் சேரும். எதிர்ப்பக்கத்தில், நேரத்தில் இரண்டு சைகைகளைப் பெருக்கினால் ஹெர்ட்ஸ் வடிவத்தில் வெறும் கன்வல்யூஷன். ரேடியன் வடிவத்தில் அதை 2பை-ஆலும் சமபங்கு வடிவத்தில் √(2பை)-ஆலும் வகுக்க வேண்டும்.

ஆற்றல்: நேரத்தில் கணக்கிட்டாலும் அதிர்வெண்ணில் கணக்கிட்டாலும் சைகையின் மொத்த ஆற்றல் ஒன்றே என்னும் பார்சவல் தேற்றம் ஹெர்ட்ஸ் வடிவத்திலும் சமபங்கு வடிவத்திலும் கூடுதல் எண் எதுவுமின்றி நிற்கும். ரேடியன் வடிவத்தில் அதிர்வெண் பக்கத்தை 2பை-ஆல் வகுக்க வேண்டும். அலைச்சார்பின் மொத்த நிகழ்தகவு இரண்டு பக்கத்திலும் 1 ஆக இருக்க வேண்டும் என்பதால்தான் குவாண்டம் இயற்பியலாளர்கள் சமபங்கு வடிவத்தை விரும்புகிறார்கள்.

இந்த வரிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஹெர்ட்ஸ் வடிவத்தில் வகைக்கெழுவைத் தவிர மற்றப் பண்புகள் எண் சுமையின்றி இருக்கின்றன. அங்கே எழுதிவிட்டு, எஃப்-க்குப் பதில் ஒமேகா ÷ 2பை-யையும், எஃப்-இன் நுண்துண்டுக்குப் பதில் ஒமேகாவின் நுண்துண்டை 2பை-ஆல் வகுத்ததையும் வையுங்கள். மற்றவை தாமாக வந்து நிற்கும்.

காஸியன் தன்னையே உருமாற்றமாகக் கொள்ளும் என்கிறார்களே, எந்தக் காஸியன்?

காஸியன் என்பது மணி வடிவச் சார்பு. எது என்பது உருமாற்றத்தின் வடிவத்தைப் பொறுத்தது. ஹெர்ட்ஸ் வடிவத்தில் அடுக்கு(−பை × நேரம்²) மாறாமல் அடுக்கு(−பை எஃப்²) ஆகிறது. சமபங்கு வடிவத்தில் அந்தப் பெருமை அடுக்கு(−நேரம்² ÷ 2) என்பதற்கு. அது அடுக்கு(−ஒமேகா² ÷ 2) ஆகும். ரேடியன் வடிவத்தில் இதே சைகை √(2பை) அடுக்கு(−ஒமேகா² ÷ 2) ஆகிறது. உருவம் மாறவில்லை, ஆனால் உயரம் மாறிவிட்டது.

நேரப் பரவலையும் அதிர்வெண் பரவலையும் பெருக்கினால் வரும் கீழெல்லையும் இப்படித்தான். திட்ட விலக்கங்களை வைத்துச் சொன்னால், கோண அதிர்வெண்ணில் அது ½. ஹெர்ட்ஸில் 1 ÷ 4பை, அதாவது ஏறத்தாழ 0.0796.

சிங்க் சார்பு ஏன் இரண்டு விதமாக இருக்கிறது?

அதே காரணம்தான். ஹெர்ட்ஸ் பக்கத்தினர் சைன்(பை ப) ÷ (பை ப) என்பதைச் சிங்க் என்கிறார்கள். அதன் சுழிகள் முழு எண்களில் விழும். ரேடியன் பக்கத்தினர் சைன்(ப) ÷ ப என்பதை. மென்பொருள்களில் மேட்லேப், பைத்தான் மொழியின் நம்பை (NumPy) நூலகம் இரண்டும் முதல் வகை. மேத்தமேட்டிகா இரண்டாம் வகை. ஒன்றில் எழுதிய நிரலை மற்றொன்றுக்குக் கொண்டுபோகும்போது கவனம் தேவை.

1 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் வடிகட்டியின் வெட்டு அதிர்வெண் 1000 என்று கணக்கிட்டேன். சோதனைக்கூடத்தில் 159-இல் விழுகிறதே?

இரண்டும் சரி. நேர மாறிலி 1 மில்லிவினாடி. அதன் தலைகீழி 1000, ஆனால் அது ரேடியன்/வினாடி. சைகை உருவாக்கியின் முகப்பில் காட்டுவது ஹெர்ட்ஸ். 1000 ÷ 2பை = 159.15. அளவீட்டுக் கருவிகள் ஏறத்தாழ எப்போதும் ஹெர்ட்ஸில் பேசுகின்றன. தாளில் நாம் போடும் சமன்பாடு ரேடியனில் பேசுகிறது.

மென்பொருள்கள் எந்த வடிவத்தைப் பின்பற்றுகின்றன?

பைத்தானின் சிம்பை (SymPy) நூலகத்தின் ஃபூரியர் உருமாற்றக் கட்டளை ஹெர்ட்ஸ் வடிவத்தில் விடை தரும். மேட்லேபின் குறியீட்டுக் கணிதக் கட்டளை, நீங்கள் மாற்றாதவரை, ரேடியன் வடிவத்தில் தரும். மேத்தமேட்டிகா, அமைப்பை மாற்றாவிட்டால், சமபங்கு வடிவத்தில் தரும். அத்துடன் அடுக்கின் குறியும் அங்கே கூட்டல். எனவே 2பை-யைச் சரிசெய்த பிறகும் விடை பொருந்தவில்லையென்றால், ஒமேகாவுக்குப் பதில் −ஒமேகாவை வைத்துப் பாருங்கள். குறி வேறு சிக்கல், 2பை வேறு சிக்கல். இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க முயல வேண்டாம்.

விரைவு ஃபூரியர் உருமாற்றத்தில் என்ன செய்வது?

மாதிரிகளாக எடுத்த சைகையைக் கணினியில் வேகமாக உருமாற்ற, கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட அந்த முறை கணக்கிடும் கூட்டலில், அடுக்குக்குள் 2பை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பிறவியிலேயே அது ஹெர்ட்ஸ் வடிவம். நம்பையின் அதிர்வெண் பட்டியலும் சுற்றுக்கணக்கில்தான் வரும். தொடர்ச்சியான ஹெ(எஃப்)-இன் மதிப்பீடு வேண்டுமானால், வந்த விடையை மாதிரி இடைவெளியால் பெருக்குங்கள். ரே(ஒமேகா) வேண்டுமானால் அதே எண்களை வைத்துக்கொண்டு அச்சை மட்டும் 2பை-ஆல் பெருக்குங்கள்.

இலக்க முறையில் இன்னும் சில அளவுகள் சேர்ந்துகொள்கின்றன. குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள். அதில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி மாதிரிக்கு 0.0227 சுற்று, அதுவே மாதிரிக்கு 0.1425 ரேடியன், மாதிரி வீதத்தின் பாதியை 1 என்று வைத்தால் 0.0454. இலக்க வடிகட்டி வடிவமைக்கும் கட்டளைகள் பல இந்தக் கடைசி அளவையே எதிர்பார்க்கின்றன. பைத்தானின் சைபை (SciPy) நூலகத்தில் அதே கட்டளையிடம் ஒப்புமை (அனலாக்) வடிகட்டி கேட்டால் ரேடியன்/வினாடி எதிர்பார்க்கும். கட்டளையின் விளக்கப் பக்கத்தைப் படிக்காமல் எண்ணை உள்ளே போடாதீர்கள்.

பரிமாணப் பகுப்பாய்வு செய்தால் இந்தப் பிழை பிடிபடாதா?

பிடிபடாது, இது வருத்தமான உண்மை. ஹெர்ட்ஸுக்கும் ரேடியன்/வினாடிக்கும் பன்னாட்டு அலகு முறையில் ஒரே பரிமாணம்: 1 ÷ வினாடி. ரேடியன் 1960-இல் துணை அலகு என்ற தனி வகுப்பில் வைக்கப்பட்டது; 1995-இல் அந்த வகுப்பே நீக்கப்பட்டு, ரேடியன் பரிமாணமற்ற வழிவந்த அலகானது. எனவே இரண்டையும் குழப்பினாலும் அலகுகள் ஒத்துப்போவதுபோலவே தோன்றும். நான் சொல்லும் வழி, கையால் கணக்கிடும்போது ‘சுற்று’ என்பதையும் ‘ரேடியன்’ என்பதையும் அலகுகளாகவே எழுதிக்கொண்டு போவது. சுற்று/வினாடியும் ரேடியன்/வினாடியும் ஒரே வரியில் கூட்டப்பட்டால் கண் உடனே நிற்கும்.

இரைச்சல் நிறமாலைக்கும் இதே விதியா?

இல்லை, இங்கே கவனியுங்கள். திறன் நிறமாலை உண்மையான அடர்த்தியாகக் கொடுக்கப்பட்டால் மனை விலையின் விதிதான் பொருந்தும். 300 கெல்வினில் 1 கிலோ ஓம் மின்தடையின் வெப்ப இரைச்சல், நேர் அதிர்வெண்களை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரு ஹெர்ட்ஸுக்கு 4 × போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை × மின்தடை, அதாவது 1.66 × 10⁻¹⁷ வோல்ட்². ஒரு ரேடியன்/வினாடிக்கு என்று சொன்னால் அதை 2பை-ஆல் வகுக்க வேண்டும்: 2.64 × 10⁻¹⁸. ஆனால் சில நூல்கள் அச்சில் ஒமேகாவை எழுதிவிட்டு, மதிப்பை ஹெர்ட்ஸுக்கு இவ்வளவு என்றே வைத்து, தொகையிடும்போது 2பை-ஆல் வகுக்கின்றன. அச்சின் பெயரை நம்பாமல், மொத்தத் திறனைக் கணக்கிடும் வரியில் 1 ÷ 2பை இருக்கிறதா என்று பாருங்கள்.

பிளாங்க் மாறிலியின் இரண்டு வடிவங்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு. ஃபோட்டானின் ஆற்றல் பிளாங்க் மாறிலி × எஃப். அதுவே குறுக்கிய பிளாங்க் மாறிலி × ஒமேகா. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலி 6.62607015 × 10⁻³⁴ ஜூல் வினாடி என்று துல்லியமாக நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. 2பை-ஆல் வகுத்தால் 1.0546 × 10⁻³⁴.

நீங்கள் எந்த வடிவத்தைப் பரிந்துரைக்கிறீர்கள்?

புதிதாகக் கற்பவர்களுக்கு ஹெர்ட்ஸ் வடிவம். போவதும் வருவதும் ஒரே உருவம். கருவிகளும் கணினியும் பேசும் மொழியும் அதுவே. மின்சுற்று, கட்டுப்பாட்டியல் என்று போகிறவர்களுக்கு ரேடியன் வடிவம் தவிர்க்க முடியாதது. எதை எடுத்தாலும் அறிக்கையின் முதல் பக்கத்தில் போகும் தொகையீட்டையும் திரும்பும் தொகையீட்டையும் முழுதாக எழுதிவிடுங்கள். ‘ஃபூரியர் உருமாற்றம் எடுத்தோம்’ என்று மட்டும் எழுதுவது, படிப்பவரை 6.28 மடங்கு இருட்டில் விடுவது.

இரண்டு, மூன்று பரிமாணங்களில்?

ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒரு 2பை. ரேடியன் வடிவத்தில் முப்பரிமாணத்தில் திரும்பும்போது (2பை)³-ஆல், அதாவது ஏறத்தாழ 248-ஆல் வகுக்க வேண்டும். எனவே இங்கே பிழை நேர்ந்தால் பெரிதாகவே நேரும். படிகங்களைப் படிக்கும்போது இதை நேரில் சந்திப்பீர்கள். படிகத்தின் அலகுக்கூட்டின் பக்கம் க என்றால், எக்ஸ் கதிர் படிகவியலாளர்கள் தலைகீழ் அணிக்கோவையின் (reciprocal lattice) இடைவெளியை 1 ÷ க என்று எழுதுவார்கள். திண்மநிலை இயற்பியலாளர்கள் அதையே 2பை ÷ க என்பார்கள். சிலிக்கனின் கன அலகுக்கூட்டின் பக்கம் 0.543 நானோமீட்டர், ஒருவருக்கு அது 1.84, மற்றவருக்கு 11.57, இரண்டும் நானோமீட்டரின் தலைகீழியில். ஒருவரின் அட்டவணையிலிருந்து மற்றவரின் சமன்பாட்டுக்கு எண்ணை எடுத்துச் செல்லும்போது முதலில் இதைச் சரிபாருங்கள்.